காணவும் காணப்படவும்

நுழையும்முன்

பொழுது சாய்ந்தபின் மிதிவண்டியில் வீடு திரும்புவோர் தம் முன்னே விரியும் பாதையைப் பற்றியே எண்ணுகின்றனர். பின்னால் வரும் வண்டியின் ஓட்டுநர் கண்ணுக்குத் தாம் தெரிகிறோமா என எண்ணிப் பார்ப்போர் சிலரே. மிதிவண்டிக்கு விளக்கு எதற்காக என்னும் எளிய வினாவுக்குச் சரியான விடை கண்டால், எத்தகைய விளக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் தெளிவாகும். அத்தெளிவு உயிர் காக்கும்.

சமவெளியும் சக்கரங்களும்

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் நோக்கிச் செல்வது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சங்ககிரி, குமாரபாளையம் வழியாகக் கோவை நோக்கிச் செல்வது 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இவ்விரண்டையும் இணைத்தும் கிளைத்தும் ஓடுகின்றன இராசிபுரம், திருச்செங்கோடு, சேந்தமங்கலம், மோகனூர், எடப்பாடிச் சாலைகள். 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலாலும் முட்டைக் கோழிப் பண்ணைகளாலும் நாடெங்கும் பெயர் பெற்றது. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. சக்கரங்களால் வாழும் பகுதி இது என்று சொன்னால் மிகையாகாது.

அதே சாலைகளின் இடது ஓரத்தில் வேறொரு சக்கரமும் சுழல்கிறது. விடியுமுன் கோழிப் பண்ணைக்குத் தீவனம் போடச் செல்லும் தொழிலாளி, பள்ளிபாளையத்திலும் எடப்பாடியிலும் இரவுப் பணி முடிந்து திரும்பும் விசைத்தறி நெசவாளர், கேன்களைக் கட்டிக்கொண்டு வரும் பால்காரர், சிறப்பு வகுப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவர் என அனைவரும் மிதிவண்டியில் செல்கின்றனர். பதினைந்து டன் பாரம் ஏற்றிய லாரியும் பதினைந்து கிலோ எடையுள்ள மிதிவண்டியும் ஒரே தார்ச்சாலையைப் பங்கிட்டுக் கொள்கின்றன. பகலில் ஒன்றை ஒன்று காண்பதால் விலகிச் செல்கின்றன. இரவில்தான் சிக்கல் எழுகிறது.

நவம்பர் மாதக் கடைசியில் இப்பகுதியில் மாலை ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு அந்தி ஒளி நெடுநேரம் நீடிப்பதில்லை. கதிரவன் மறைந்து அரைமணி நேரத்துக்குள் இருள் சூழ்ந்துவிடும். ஆறு மணிக்குப் பள்ளியை விட்டுக் கிளம்பும் மாணவர், ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரை அடையும்போது வழியின் ஒரு பகுதியை முழு இருட்டிலேயே கடக்க நேரிடுகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமும் அதுவே.

பத்து மீட்டரும் நூறு மீட்டரும்

மிதிவண்டி விளக்கு என்றதும், பாதையைப் பார்க்க உதவும் முன்விளக்கே பெரும்பாலோர் நினைவுக்கு வருகிறது. சாலையைக் காண்பதற்கே விளக்கு என்னும் எண்ணம் நம்முள் ஊறியிருக்கிறது. நிலவொளியிலும் பழகிய பாதையிலும் விளக்கின்றிச் செல்ல முடியும் என்பதால், விளக்கே தேவையில்லை என்னும் முடிவுக்கும் பலர் வந்துவிடுகின்றனர். இம்முடிவு தவறானது. காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும்.

மிதிவண்டி மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதாவது, ஒரு நொடிக்கு நான்கு மீட்டர். வழியில் குழியோ கல்லோ இருந்தால், பத்து மீட்டருக்கு முன்பே கண்டுவிட்டால் போதும். நின்றுவிடலாம் அல்லது விலகிச் செல்லலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியோ ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரிலுள்ளதைக் கண்டு, அது இன்னதென உணர்ந்து, தடையை மிதிக்க ஓட்டுநருக்கு ஒன்றரை நொடியாவது ஆகும். அதற்குள் வண்டி 25 மீட்டர் நகர்ந்துவிடும். தடை பிடித்தபின் நிற்பதற்கு மேலும் 28 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 53 மீட்டர். வேகம் 80 கிலோமீட்டர் என்றால் இத்தொலைவு 80 மீட்டரைத் தாண்டும். இது நல்ல சாலையில் நல்ல தடை உள்ள மகிழுந்துக்கான கணக்கு. பாரம் ஏற்றிய லாரிக்கும் மழையில் நனைந்த சாலைக்கும் இன்னும் கூடுதலான தொலைவு வேண்டும்.

முன்விளக்கைத் தாழ்த்தி, நம் பேச்சுவழக்கில் சொன்னால் ‘டிம்’ அடித்து வரும் ஓட்டுநருக்கு, கருநிற உடை அணிந்தவர் ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவில்தான் புலப்படுகிறார். நிற்க வேண்டிய தொலைவோ 53 மீட்டர். எதிரே வரும் வண்டி தன் விளக்கைத் தாழ்த்தாமல் வந்தால் கண் கூசிச் சில நொடிகள் எதுவுமே தெரியாது. எனவே, ஓட்டுநர் கவனமாக இருந்தாலும், குடிக்காமல் இருந்தாலும், விதிகளை மதிப்பவராக இருந்தாலும், விளக்கில்லாத மிதிவண்டியை உரிய நேரத்தில் காண அவரால் இயலாது.

நாம் காண்பதற்குப் பத்து மீட்டர் ஒளி போதும். நம்மைப் பிறர் காண்பதற்கு நூறு மீட்டராவது வேண்டும். ஆகவே, மிதிவண்டி விளக்கின் முதற்பயன் நாம் காண்பதன்று, நாம் காணப்படுவது. இதுவே இக்கட்டுரையின் கருத்து. விளக்கை வாங்கும்போதும் பொருத்தும்போதும் இதனை அளவுகோலாகக் கொண்டால் பிழை நேராது.

டைனமோ இருந்த காலம்

நம் நாட்டில் மிதிவண்டிக்கு விளக்கு புதிதன்று. கைப்பிடியின் முன்னே மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டுச் சென்ற காலம் உண்டு. பின்னர் டைனமோ வந்தது. சக்கரத்தின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் அச்சிறு கருவி, 6 வோல்ட் அழுத்தத்தில் 3 வாட் மின்னாற்றல் தரும் அளவில் அமைக்கப்பட்டது. விளக்கில்லாமல் சென்றால் காவலர் பிடிப்பார் என்னும் அச்சம் நம் தாத்தாக்களின் தலைமுறைக்கு இருந்தது. மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் பெருகியபின் மிதிவண்டி ஏழைகளுக்கும் மாணவர்களுக்கும் உரிய ஊர்தியாகச் சுருங்கியது. அதனுடன் விளக்கும் மறைந்தது. இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான மிதிவண்டிகளில் விளக்கு இல்லை. தனியே வாங்கிப் பொருத்த வேண்டிய பொருளாகிவிட்டது.

விளக்கு மறைந்த அதே காலத்தில் சாலைகள் அகன்றன. வண்டிகளின் வேகம் கூடியது. எந்தக் காலத்தில் விளக்கு மிகுதியாகத் தேவைப்பட்டதோ அந்தக் காலத்தில் அதனைக் கைவிட்டுவிட்டோம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் வாங்க வேண்டியது பின்விளக்கு. எதிரே வரும் வண்டியை நாம் காண்கிறோம், தேவையானால் ஒதுங்கிவிடலாம். பின்னால் வருவதை நாம் காண்பதில்லை. நம் பாதுகாப்பு முழுவதும் அவ்வோட்டுநரின் கண்ணைச் சார்ந்துள்ளது. கையிலுள்ள பணம் ஒரு விளக்குக்கு மட்டுமே போதுமெனில், அது சிவப்புப் பின்விளக்காகவே இருக்கட்டும்.

நிறத்தில் விளையாட்டுக் கூடாது. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். வண்டி வருகிறதா, செல்கிறதா என்பதை ஓட்டுநர் அந்நிறத்தைக் கொண்டே நொடியில் அறிகிறார். அழகுக்காகப் பின்னால் நீலமோ பச்சையோ மாட்டினால், ஒளி தெரியும், பொருள் தெரியாது.

மின்னும் விளக்கா, நின்று எரியும் விளக்கா என்னும் வினா அடுத்து எழுகிறது. விட்டுவிட்டு மின்னும் ஒளி கவனத்தை விரைவில் ஈர்க்கும். ஆயினும், அது எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்று கணிப்பது கடினம். செருமனியிலும் நெதர்லாந்திலும் மிதிவண்டியில் மின்னும் விளக்குகளுக்கு இசைவில்லை. தெருவிளக்கு இல்லாத நம் சாலைகளில் நின்று எரியும் ஒளியே தக்கது. இரண்டு பின்விளக்குகள் இருந்தால் ஒன்றை மின்னவிடலாம். மற்றொன்று நிலையாக எரிய வேண்டும்.

மின்னாற்றல் எங்கிருந்து கிடைக்கிறது என்பதும் கருதத்தக்கது. டைனமோவுக்கு மின்கலம் வேண்டாம். சக்கரம் சுழலும்வரை ஒளி உண்டு. ஆனால், சாலையைக் கடக்க நிற்கும்போது, ஒளி மிகவும் தேவைப்படும் அந்நேரத்தில், சாதாரண டைனமோ விளக்கு அணைந்துவிடும். பென்சில் மின்கலத்தால் எரியும் விளக்குக்கு வேண்டிய மின்கலம் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். செல்பேசிபோல மின்னேற்றம் செய்யும் விளக்கு, நாளடைவில் செலவைக் குறைக்கும். வாரந்தோறும் குறித்த ஒருநாளில் மின்னேற்றும் பழக்கம் மட்டும் வேண்டும். எவ்வகையாயினும் மழைநீர் புகாத அமைப்பு இன்றியமையாதது. எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடுகள் வந்தபின், மிகச் சிறிய மின்கலமும் பல மணி நேரம் ஒளி தருகிறது. செல்பேசிக்கு ஒரு மாதம் செலவிடும் தொகையில் நல்லதொரு பின்விளக்கை வாங்கிவிடலாம்.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதைவிட அதனைப் பொருத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகின்றனர். இருக்கையின் அடியில் மாட்டிய பின்விளக்கைக் கேரியரில் வைத்த புத்தகப்பை மறைத்துவிடும். தாவணியோ துப்பட்டாவோ சற்றுச் சரிந்தாலும் அப்படியே. பின்சக்கர மட்கார்டின் மீதோ, கேரியரின் பின்விளிம்பிலோ பொருத்தினால் எதுவும் மறைக்காது. கைப்பிடியில் மாட்டிய முன்விளக்கை முன்னாலுள்ள கூடை மறைக்கும். கூடையின் வெளிப்புறத்தில் கட்டுவதே முறை. பின்விளக்கு தரையையோ வானத்தையோ பார்க்காமல் நேராகப் பின்னோக்க வேண்டும். முன்விளக்கு சற்றே கீழ்நோக்கியிருக்க வேண்டும். எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு நமக்கும் தீங்கானது.

பொருத்தியபின் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தி நேரத்தில், வண்டிகள் ஓடாத திடலில், நண்பர் ஒருவரை மிதிவண்டியில் அமரச் செய்து நூறு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். பை, கூடை, உடை ஆகியவை அன்றாடம் உள்ளவாறே இருக்கட்டும். ஒளி தெரிகிறதா என்பதற்கு உங்கள் கண்ணே சான்று.

‘ரேடியம்’ என்னும் பெயர்

லாரிகளின் பின்புறத்தில் ஒட்டியுள்ள சிவப்புப் பட்டை, நம் வண்டியின் வெளிச்சம் பட்டதும் நெருப்புப்போல் ஒளிர்வதைக் காண்கிறோம். இதனை மக்கள் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ என்பர். பெயரில் ஒரு பிழை உள்ளது. ரேடியம் என்னும் தனிமத்தைக் கலந்து பூசிய பழைய கடிகார எண்கள் இருட்டில் தாமே ஒளிர்ந்தன. இப்பட்டையில் ரேடியம் இல்லை. அது தானாக ஒளிர்வதும் இல்லை. தன்மீது விழும் ஒளியை, அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. பட்டையினுள் பதித்த நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இவ்வேலையைச் செய்கின்றன. ஓட்டுநரின் விளக்கொளி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்புவதால், பக்கத்தில் நிற்பவருக்கு மங்கலாகத் தெரிவது அவருக்கு நூறு மீட்டருக்கு அப்பாலும் பளிச்சிடுகிறது.

சரக்கு வண்டிகளின் முன்னே வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னே சிவப்பு என இப்பட்டைகளை ஒட்டவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அதனால், லாரிப் பட்டறைகள் மலிந்த நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உதிரிப்பொருள் கடைகளில் இப்பட்டை எளிதாகக் கிடைக்கும். ஒரு சாண் அளவு சிவப்புப் பட்டையைப் பின் மட்கார்டிலும், வெள்ளைப் பட்டையைக் கைப்பிடிக் குழாயின் முன்புறத்திலும், மஞ்சள் பட்டையைச் சட்டத்தின் இரு பக்கங்களிலும் ஒட்ட ஆகும் செலவு மிகச் சிறிது. லாரியின் பாதுகாப்புக்குக் கண்ட வழி மிதிவண்டிக்கும் பயன்படட்டும்.

ஆயினும், பட்டை மட்டும் போதாது. தன்மீது ஒளி விழாதவரை அது வெறும் காகிதமே. முன்விளக்கு பழுதான வண்டிக்கும், குறுக்குச் சாலையிலிருந்து திரும்பும் வண்டிக்கும் அது தெரியாது. சேறு படிந்தால் ஒளியைத் திருப்பாது. விளக்கோ, மின்கலம் தீர்ந்தால் அணைந்துவிடும். ஒன்று தவறும்போது மற்றொன்று காக்கும் என்பதால் இரண்டும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

1969ஆம் ஆண்டு நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் அங்கே ஓர் எதிரொளிப்பானை வைத்துவிட்டு வந்தனர். புவியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. ஒளி சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு நிலவின் தொலைவை அறிவியலாளர் துல்லியமாக அளக்கின்றனர். வந்த திசைக்கே ஒளியைத் திருப்பும் அக்கோட்பாடுதான் மிதிவண்டியின் பின்னாலுள்ள சிவப்பு எதிரொளிப்பானிலும் செயல்படுகிறது.

அசையும் கால்கள்

ஒளி தெரிவது முதற்படி. அது மனிதர் என உணர்வது அடுத்த படி. தொலைவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால், அது நிற்கும் வண்டியா, வீட்டு விளக்கா, செல்லும் மிதிவண்டியா என ஓட்டுநர் அறியவேண்டும். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோகான்சன், உடலின் மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளை வைத்து, அவை அசைந்தவுடனே பார்ப்பவர் அதனை மனிதர் என அறிந்துகொள்வதை 1973இல் விளக்கினார்.

இவ்வுண்மையை ஆத்திரேலிய ஆய்வாளர்கள் சாலைக்குக் கொண்டுவந்தனர். இரவில் ஓட்டுநர்களை ஓட்டச் செய்து நடத்திய ஆய்வில், கருப்பு உடையணிந்த மிதிவண்டியினரை 2 விழுக்காட்டினரே கண்டுகொண்டனர். பகலில் பளிச்சிடும் வண்ண மேலாடை அணிந்தவரை 15 விழுக்காட்டினரும், ஒளி திருப்பும் மேலாடை அணிந்தவரை 50 விழுக்காட்டினரும் கண்டனர். அம்மேலாடையுடன் முழங்காலிலும் கணுக்காலிலும் ஒளி திருப்பும் பட்டை கட்டியவரை 90 விழுக்காட்டினர் கண்டுகொண்டனர்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை அறியலாம். பகலில் கண்ணைப் பறிக்கும் வண்ணம் இரவில் உதவாது. அது பளிச்சிடக் கதிரவனின் புறஊதாக் கதிர் வேண்டும். அடுத்து, மிதிக்கும்போது ஏறி இறங்கும் கணுக்காலே மிதிவண்டியினரின் மிகச் சிறந்த அடையாளம். பெடல்களில் மஞ்சள் எதிரொளிப்பான் இருப்பதன் காரணம் இதுவே. அவை உடைந்திருந்தால் மாற்றுங்கள். காலணியின் குதிகாலில் விரலகலப் பட்டையை ஒட்டுவதும் நன்று.

விளக்கின் பயனை மெய்ப்பிக்கும் மற்றோர் ஆய்வு டென்மார்க்கின் ஓடென்சே நகரில் நடந்தது. 2004 நவம்பர் முதல் ஓராண்டு நடந்த அவ்வாய்வில் 3,845 பேர் பங்கேற்றனர். பகலிரவு பாராமல் எப்போதும் எரியும் விளக்கைப் பொருத்தியோருக்குக் காயம் விளைவிக்கும் விபத்துகள், பொருத்தாதோரைவிட 19 விழுக்காடு குறைவாக நேர்ந்தன.

யார் பொறுப்பு?

“சாலையைப் பார்த்து ஓட்டுவது ஓட்டுநரின் கடமை. பெரிய வண்டியை ஓட்டுபவர் பார்க்கத் தவறினால், அதற்கு எளியவர் ஏன் செலவழிக்க வேண்டும்?” எனக் கேட்பவர் உண்டு. இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆற்றல் மிக்கவருக்கே பொறுப்பும் மிகுதி. வேகத்தைக் குறைப்பது, எதிரே ஆள் வந்தால் விளக்கைத் தாழ்த்துவது, பழுதான பின்விளக்கைச் சரிசெய்வது, சாலையோரத்தில் இருட்டில் லாரியை நிறுத்தாமலிருப்பது ஆகியன ஓட்டுநரின் கடமைகள். கரும்பு ஏற்றிய டிராக்டர் இழுவைப்பெட்டிகள் பின்விளக்கின்றி ஊர்வதும் தடுக்கப்பட வேண்டும்.

எனினும், 30 மீட்டரில்தான் தெரியும் என்பது கண்ணின் எல்லை. மனத்தின் குறை அன்று. நல்ல ஓட்டுநருக்கும் அவ்வெல்லை உண்டு. விளக்குப் பொருத்துவது பிறர் தவற்றுக்கு நாம் செலுத்தும் தண்டம் அன்று. கடமை தவறாதவர் தம் கடமையைச் செய்வதற்கு நாம் தரும் வாய்ப்பு. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். தமிழகத்தில் மட்டும் அவ்வாண்டு 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. இப்பெருந்துயரின் ஒரு சிறு பகுதியையாவது ஒரு சிறு விளக்கால் தடுக்க முடியுமெனில் தயங்குவது தகாது.

பொறுப்பில் அரசுக்கும் பங்குண்டு. பிரிட்டனில் இரவில் வெள்ளை முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் இன்றி மிதிவண்டி ஓட்டுதல் குற்றம். நம் நாட்டிலும் மிதிவண்டி எதிரொளிப்பான்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை ஒன்றிய அரசு 2020இல் வெளியிட்டது. அது நல்ல தொடக்கம்; ஆனால், எதிரொளிப்பான் விளக்காகாது. தமிழக அரசு 2001–2002ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005–2006இல் அனைவருக்கும் விரிவடைந்தது. இன்று அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அவ்வண்டியைப் பெறுகின்றனர். வண்டியுடன் ஒரு சிவப்புப் பின்விளக்கையும் சேர்த்து வழங்கினால், ஆண்டுதோறும் பல இலட்சம் மாணவர்கள் இருளில் புலப்படுவர். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அதற்காகும் கூடுதல் செலவு மிகச் சிறிது.

இருளும் கல்வியும்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பிறரை எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் தாமே சென்றனர். ஓர் இரும்புச் சட்டமும் இரு சக்கரங்களும் தரும் உரிமை எத்தகையது என்பதை அவ்வியக்கம் காட்டியது.

அவ்வுரிமை இன்றும் பல வீடுகளில் கதிரவன் மறையும்போது முடிந்துவிடுகிறது. “இருட்டிவிடும், சிறப்பு வகுப்புக்கு நிற்காதே” என்று பெற்றோர் மகளிடம் சொல்வது அன்பினால்தான். அவர்களின் அச்சங்களுள் சாலை விபத்தும் ஒன்று. அந்த ஓர் அச்சத்தையேனும் விளக்கால் குறைக்க இயலும். பின்விளக்கு பொருத்திய ஒரு மிதிவண்டி, ஒரு மாணவிக்கு மாலையில் மேலும் ஒரு மணிநேரக் கல்வியையும் நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் தரக்கூடும்.

விலையில்லா மிதிவண்டி உங்கள் கைக்கு வரும் ஆண்டு இது. அதில் மணி ஒலிக்கிறதா, தடை பிடிக்கிறதா எனப் பார்ப்பீர்கள். பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். இல்லையெனில், இந்த வாரமே ஒன்றைப் பொருத்துங்கள். தோழருக்கும் பொருத்தச் சொல்லுங்கள்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி மிதிவண்டி நிறுத்துமிடத்தில் உள்ள வண்டிகளில், எரியும் பின்விளக்கு உள்ளவை எத்தனை, பெடல் எதிரொளிப்பான் உள்ளவை எத்தனை எனக் கணக்கெடுத்து அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் தெருவிளக்கில்லாத பகுதிகளைக் குறித்து, விளக்கு அமைக்க வேண்டி ஊராட்சி மன்றத் தலைவருக்குக் கடிதம் எழுதுக.

3. ‘சாலைப் பாதுகாப்பில் பெரும்பொறுப்பு ஓட்டுநருக்கா, மிதிவண்டியினருக்கா, அரசுக்கா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.